மந்திச்சோலை யார் பேருக்கு

சிவமயம்

மேலப்புதூர், குற்றாலம் வழி
18-1-1959

அன்புள்ள தம்பி மீரானுக்கு,

ஆவுடைநாயகம் எழுதுவது. போன சித்திரையில் தென்காசிப் பதிவு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. மந்திச்சோலையைப் பண்ணையாரிடமிருந்து ஊருக்காக வாங்கப்போகிறோம், பத்திரம் எப்படி எழுதவேண்டும் என்று விசாரிக்கப் போயிருந்தேன். "வாங்குறது யாரு?" என்று கேட்டார். "ஊர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஊரு இங்கன வந்து நிக்குமா? ஊருக்குப் பெருவிரல் இருக்கா, ரேகை வைக்க?"

ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். அந்தக் கேள்வியோடு ஊர் திரும்பினேன். பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோதே நீ பண்ணையாரிடம் பேசிச் சோலையை உன் பேருக்கு முடித்துவிட்டாய் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து உனக்கு எழுதவில்லை. சின்ன வயதில் சிற்றாற்றில் ஒன்றாகக் குதித்தவர்கள் நாம். உன் பேரை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிற அளவுக்கு எனக்குக் கோபம் இருந்தது. இப்போது கோபம் இறங்கிவிட்டது, கவலை மட்டும் இருக்கிறது.

அந்தச் சோலை காட்டிலாகா எல்லைக்குள் வரவில்லை. மலைக்கும் நம் வயலுக்கும் நடுவில் தனியார் நிலமாக ஒரு துண்டு காடு. அத்தி பழுக்கும்போது மலையிலிருந்து இருவாச்சிப் பறவை இறங்கி வருகிற இடம் நமக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தேவாங்கு இருக்கிறது. மந்தி இருக்கிறது. இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். வீட்டில் பூனை குட்டி போட்டால் அந்த மூலையைக் கொஞ்ச நாள் பெருக்காமல் விடுவோம். குட்டி கண் திறக்கட்டும் என்று. ஊருக்கும் அப்படிப் பெருக்காத மூலை ஒன்று வேண்டும்.

எப்போது வெட்டப்போகிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்
ஆவுடைநாயகம்

786

புனலூர்
27-1-1959

உயர்திரு ஆசிரியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பண்ணையார் விற்றார், நான் வாங்கினேன். மர வியாபாரி சோலை வாங்குவது மீன்காரன் வலை வாங்குவது மாதிரி. இதில் ஒளிவுமறைவு கிடையாது. பங்குனியில் ஆட்கள் வருவார்கள். சாரல் விழுவதற்குள் மரம் இறங்கிவிடவேண்டும்.

பூனை உதாரணம் நன்றாக இருந்தது. என் டெப்போவிலும் பூனை உண்டு. அது அறுத்த மரத்துக்கு நடுவில்தான் குட்டி போடுகிறது.

குமாஸ்தா உங்களிடம் ஒன்று கேட்டார். நானும் ஒன்று கேட்கிறேன். பெருவிரல் கிடக்கட்டும், ஊருக்குத் தெரு எத்தனை? சோலைக்காக நீங்கள் வீடு வீடாக வசூலுக்குப் போன அன்று நான் ஊரில்தான் இருந்தேன். அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் கோயில் கொடை நடத்துகிற பலவேசமும் மேலத்தெரு முடித்து, தேரடித் தெரு முடித்து, எங்கள் பள்ளிவாசல் தெரு முக்கு வரைக்கும் வந்தீர்கள். வேப்பமர நிழலில் நின்று குடையை மடக்கினீர்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு திரும்பிப் போய்விட்டீர்கள். என் அக்கா சுல்தான் பீவி முந்தானையில் காசை முடிந்துகொண்டு வாசலில் வந்து நின்றிருந்தாள்.

மறுநாள் காலையில்தான் நான் பண்ணையார் வீட்டுக்குப் போனேன்.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

மு. முகம்மது மீரான்

சிவமயம்

மேலப்புதூர்
15-2-1959

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த முக்கில் போய் நின்று பார்த்தேன். ஏன் திரும்பினேன் என்று யோசித்தேன். அன்றைக்கு யோசிக்கவே இல்லை என்பதுதான் பதில். கையில் இருந்தது கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி எழுதுகிற தலைக்கட்டுப் புத்தகம். எந்த வீட்டுப் பேர் அதில் கடைசியோ அந்த வீட்டோடு ஊர் முடிந்துவிட்டது. தென்காசிச் சந்தைக்குப் போய்ப் பழகிய வண்டிமாடு, ஓட்டுகிறவன் தூங்கினாலும் பழைய முக்கில் தானே திரும்பும். அது மாதிரிதான் என் கால் திரும்பியது. மாட்டை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். நான் மாடு இல்லையே.

முந்தாநாள் உன் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க வாத்தியாரே. வழி தெரிஞ்சுதா? நடுவுல ஆறு எதுவும் ஓடுதோன்னுல்ல நெனச்சேன்."

நான் வழக்கம்போல உதாரணத்தோடு ஆரம்பித்தேன். ஊர்ப்பொதுப் பாத்திரங்கள் இருக்கின்றனவே, கல்யாணத்துக்கும் சடங்குக்கும் எல்லா வீட்டுக்கும் போய்வருகிற பெரிய அண்டா, அதில் என் பங்கை வெட்டிக் கொடு என்று யாரும் கேட்டதில்லை. விற்றுத் தா என்றும் கேட்டதில்லை. சோலையும் அப்படி இருக்கவேண்டும் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த அண்டா ஓட்டையாயிக் கெடந்துச்சே, அப்ப ஒங்க கொடைக்கு எதுல சோறு பொங்குனிய?"

"பள்ளிவாசல் அண்டாவுல."

"வெளக்கித் திருப்பிக் கொடுத்தியளா?"

"கொடுத்தோமே."

"அடியில பருப்பு ஒட்டிக் கெடந்துச்சு. நாந்தான் தேச்சேன். அண்டான்னா நாங்க ஊரு, சோலைன்னா வேத்தாளா?"

முறுக்கு தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீரும் அவளே கொடுத்தாள்.

அங்கிருந்து கீழத்தெருவுக்கும் போனேன். அந்தத் தெருவும் வரிப் புத்தகத்தில் கிடையாது. சோலைக்குள் எந்த மரத்தில் எந்தக் குருவி அடையும் என்று கேட்டால் அந்தத் தெருவில்தான் பதில் கிடைக்கும். உச்சிமாகாளி கயிறு திரித்துக்கொண்டிருந்தான். "எங்களயும் சேத்து எண்ணிட்டா ஊரு ரொம்பப் பெருசாயிருமே வாத்தியாரய்யா. பலவேசம் மொதலாளிக்கு நெஞ்சு தாங்குமா?" என்று சிரித்தான்.

பலவேசத்துக்கு நெஞ்சு தாங்கவில்லை என்பது உண்மை. "கோயில் வரி கொடுக்காதவன் எப்படி வேய் ஊராவான்?" என்றான். "நாம வாங்கப்போறது கோயில் இல்ல பலவேசம், சோலை" என்றேன். இப்போது என்னைக் கண்டால் தெருவின் எதிர் வரிசைக்குப் போய்விடுகிறான்.

புதுப் புத்தகம் போட்டிருக்கிறேன். கோடு போட்டுத் தெரு பிரிக்கவில்லை. இந்த ஊரில் அடுப்பு எரிகிற வீடு எல்லாம் ஊர். சோலையை வாங்கிய விலைக்கே எங்களுக்குக் கொடு. ‘எங்களுக்கு’ என்பதில் உன் அக்காவும் இருக்கிறாள்.

அன்புடன்
ஆவுடைநாயகம்

786

புனலூர்
8-3-1959

அண்ணாச்சிக்கு,

அக்கா யாரையோ எழுதச்சொல்லி அனுப்பிய கடிதம் வந்தது. சோலையைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘வாத்தியார் வந்தாக, முறுக்குத் தின்னாக, விக்கிச்சு’ என்று மட்டும் இருக்கிறது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

பங்குனி ஆட்களை ஆரியங்காவு கூப்பில் மரம் வெட்ட அனுப்பிவிட்டேன். அடுத்த தை வரை மந்திச்சோலையில் கோடாரி விழாது. அதற்கு மேல் என்னால் நிறுத்தமுடியாது. பணத்தில் பாதி என் கூட்டாளியுடையது. அவருக்குப் பூனையும் தெரியாது, அண்டாவும் தெரியாது.

வாங்கிய விலைக்குத் தருகிறேன். ஆனால் எப்படி எழுதப்போகிறீர்கள் என்பதுதான் என் கவலை. சாமி பேருக்கு எழுதினால் நாளை வருகிற தர்மகர்த்தா கோபுரத்துக்கு வெள்ளையடிக்க மரத்தை ஏலம் போடுவார். நாலு பெரியவர்கள் பேருக்கு எழுதினால் அவர்கள் பிள்ளைகள் மெட்ராஸிலிருந்து வந்து விற்றுவிட்டுப் போவார்கள். நான் இப்படி எத்தனையோ சோலை வாங்கியிருக்கிறேன் அண்ணாச்சி. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், இது என்றைக்கும் வெட்டுப்படக்கூடாது என்று சொல்லித்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சொன்னவர் போய்விடுகிறார், மரம் நிற்கிறது, நான் வந்து சேருகிறேன்.

அதனால் ஓர் ஏற்பாடு. பத்திர நகலை முதலில் எனக்கு அனுப்புங்கள். மர வியாபாரியாக உட்கார்ந்து அதை உடைத்துப் பார்க்கிறேன். எந்த நகலை என்னால் உடைக்கமுடியவில்லையோ அதில் கையெழுத்துப் போடுகிறேன். உடைகிற பத்திரம் என்றால் நானே வெட்டிவிடுவேன். எவனோ வெட்டப்போகிற மரத்தை அவனுக்காக ஏன் விட்டுவைக்கவேண்டும்?

மீரான்

சிவமயம்

மேலப்புதூர்
5-6-1959

அன்புள்ள தம்பிக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் கூட்டம் வந்துவிட்டது. நாங்கள் இங்கே பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தென்காசி வக்கீல் தில்லைநாயகம் எழுதிக்கொடுத்தார். எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு பங்கு, பிரிபடாத பங்கு. நம் பக்கத்தில் பங்காளி ஒருவன் கையெழுத்துப் போடாவிட்டால் பூர்வீக வீடு விற்காமல் இடிந்து விழுவதை நாம் பார்க்கவில்லையா? நம் ஊரைப் பிடித்த அந்த வியாதியையே மருந்தாக்கிவிட்டேன். இத்தனை வீட்டுக் கையெழுத்தையும் எவன் சேர்ப்பான்?

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. நகலை ஊர்க்கூட்டத்தில் வாசித்த மறுநாள் சோலைக்குப் போனேன். பெரிய வேங்கை மரம் ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அருள் இறங்கிய மரமோ என்று பார்த்தால் பின்னால் பலவேசம் நின்றான். அவன் பங்கு மரத்துக்கு அவனே அடையாளம் கட்டியிருக்கிறான். "பங்குன்னு சொன்னீரு. பங்குன்னா எதுன்னு தெரிய வேண்டாமா?" என்கிறான். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வேட்டிக் கிழிசல், சேலைக் கரை, ஒரு மரத்தில் பழைய ரவிக்கை. யாரும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. சொந்தம் என்றதும் கை தானாகப் போய்விட்டது. ஆனால் பலவேசம் கூட்டத்துக்கு வந்தானே, அதுவே எனக்குத் திருப்தி.

படித்துப் பார்த்துச் சொல்.

ஆவுடைநாயகம்

786

புனலூர்
20-6-1959

அண்ணாச்சிக்கு,

உடைந்துவிட்டது. உங்கள் கடிதத்தை மடித்து வைப்பதற்குள் உடைத்துவிட்டேன்.

எல்லார் கையெழுத்தும் எனக்கு எதற்கு? ஒரு பங்கு போதும். பலவேசத்தைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தி, சூடாக இரண்டு வடை வாங்கிக் கொடுப்பேன். சாயங்காலத்துக்குள் அவர் பங்கு என் பேருக்கு வந்துவிடும். மறுநாள் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. பங்காளி ஒருவன் பிரித்துக்கொடு என்று கேட்டால் கோர்ட்டு பிரித்துத்தான் கொடுக்கும். பிரிக்கமுடியாவிட்டால் மொத்தத்தையும் ஏலம் போட்டுக் காசைப் பிரித்துக்கொடுக்கும். ஏலத்தில் முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். ரவிக்கை கட்டிய மரத்தைத்தான் முதலில் கேட்பேன்.

உங்கள் அண்டா உதாரணம்தான் சரி. இந்தப் பத்திரம் தப்பு. அண்டாவில் யாருக்கும் பங்கு கிடையாது, பாத்தியதை மட்டும்தான் உண்டு. ஊரை விட்டுப் போகிறவன் தன் பங்கு அண்டாவைக் கையோடு எடுத்துக்கொண்டா போகிறான்? அப்படி எழுதச் சொல்லுங்கள் வக்கீலை.

பலவேசம் அண்ணாச்சிக்கு என் சலாம். வடை விஷயத்தைச் சொல்லவேண்டாம்.

மீரான்

சிவமயம்

மேலப்புதூர்
30-9-1959

அன்புள்ள தம்பிக்கு,

வடை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "ரெண்டு வடைக்கா என்னய மதிச்சான்?" என்று கேட்டான் பலவேசம். அன்று மாலை வேங்கையில் சிவப்புத் துணி இல்லை. மற்றத் துணிகளையும் அவனே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி அவிழ்க்க வைத்தான்.

இரண்டாம் நகல் அனுப்புகிறேன். இதில் பங்கு கிடையாது. மேலப்புதூர்ச் சோலைச் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்வது. அடுப்பு எரிகிற வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் அங்கத்தினர். ஊரைவிட்டுப் போனால் அந்த உரிமை போய்விடும். விற்கவோ, பிள்ளைக்கு எழுதிவைக்கவோ ஒன்றும் இருக்காது. சங்கமே நினைத்தாலும் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. பச்சை மரத்தை வெட்டக்கூடாது. தானாக விழுந்த மரத்தை மட்டும் விற்று வேலியும் வாய்க்காலும் பார்த்துக்கொள்ளலாம்.

வக்கீல் தில்லைநாயகம், "இதுக்கு மேல எமனாலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார்.

ஆவுடைநாயகம்

786

புனலூர்
12-10-1959

அண்ணாச்சிக்கு,

எமன் வேண்டாம், என் ஆள் ஒருவன் போதும்.

‘தானாக விழுந்த மரம்.’ இந்த ஒரு வரியில் சோலை முழுவதையும் நான் வண்டியில் ஏற்றிவிடுவேன். மரத்தின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டு, மேலே கொடியை இழுத்து மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. மரம் நின்றபடியே காயும். ஆடிக் காற்று வந்து தள்ளிவிடும். நான் தள்ளவில்லை, நீங்களும் தள்ளவில்லை, தானாக விழுந்தது. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து என்று சங்கமே எனக்கு ரசீது போட்டு விற்கும். வேலிக்குக் காசு வேண்டுமென்றால் வருஷா வருஷம் நிறைய மரம் தானாக விழும்.

விழுந்த மரத்துக்கு விலை இருக்கிற வரைக்கும் நிற்கிற மரத்துக்கு ஆபத்துத்தான். நாற்பது வருஷமாக மரத்தோடு கிடக்கிறவன் சொல்கிறேன்.

இன்னொன்று. யாராவது இந்தப் பத்திரத்தை மீறினால் சங்கம் வழக்குப் போடலாம் என்று இருக்கிறது. மீறுகிறவன் சங்கத்தின் காரியதரிசியாகவே இருந்தால்?

தைக்கு அதிக நாள் இல்லை. கூட்டாளி இப்போதே ஆட்களுக்குச் சொல்லிவைக்கிறார். சீக்கிரம் எழுதுங்கள்.

மீரான்

சிவமயம்

மேலப்புதூர்
3-1-1960

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்குக் காரணம் ஊர்க்கூட்டம். விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கவேண்டும் என்று புதிதாக எழுதி வாசித்ததும் தேரடித் தெரு சொக்கம்மாள் எழுந்தாள். புருஷன் இல்லாதவள், சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கிறவள்.

"மரம் மக்கிப் போகட்டும்ங்கிய. நான் பச்சத் தண்ணியிலயா சோறு பொங்க?"

அவள் கேட்டது நியாயம். சோலை வாழ்வதற்காக ஒருத்தி பட்டினி கிடந்தால் அந்தச் சோலை எத்தனை நாள் நிற்கும்? உச்சிமாகாளிதான் சொன்னான்: "கையால ஒடியிறத எடுத்துக்கோ ஆச்சி. கத்தி, அருவா உள்ள வரப்படாது. இரும்பே வரப்படாது."

"என் கைக்குப் பலமிருந்தா?"

"ஒங் கைக்கு ஒடிஞ்சா வேங்கையையே தூக்கிட்டுப் போ. நாங்க கும்பிட்டு வழி விடுதோம்."

பள்ளிவாசல் தெருப் பெண்கள் ஒரு பக்கம், தேரடித் தெருப் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். உன் அக்கா எழுந்து, "அப்படியே எழுதுங்க வாத்தியாரே. கையால ஒடியிறது, தலையால சொமக்கிறது. வித்தா மறுநாள்லருந்து கெடையாது" என்றாள். அப்படியே எழுதியாகிவிட்டது.

மற்றவை: ஊரில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், தனியாகவே கோர்ட்டுக்குப் போய்த் தடுக்கலாம். சங்கத்தின் சம்மதம் தேவையில்லை. தெருவுக்கு ஒருவர் கமிட்டியில் இருக்கவேண்டும். வேலிக்கும் வாய்க்காலுக்கும் வீட்டுக்கொரு ஆள் முறை வைத்து வேலை பார்ப்பது. சங்கம் கலைந்தால் நிலம் அங்கத்தினருக்கு வராது, இதே நிபந்தனைகளை ஏற்கிற வேறொரு பொதுச் சங்கத்துக்குத்தான் போகும்.

மூன்றாம் நகல் இத்துடன். உடைத்துப் பார். உடையவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஆவுடைநாயகம்

சிவமயம்

மேலப்புதூர்
22-1-1960

மீரானுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. முந்தாநாள் காலை உன் ஆட்கள் வந்தார்கள். சோலையின் ஓரத்து மரங்களில் ஒவ்வொன்றாகப் பட்டையைச் செதுக்கி முத்திரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டு போனார்கள். உன் பேரின் முதலெழுத்து. எதற்கு என்று கேட்டேன். "மொதலாளி உத்தரவு" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாதாம்.

முத்திரை அடித்தால் அடுத்தது கோடாரி என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பத்திரம் உடைந்துவிட்டது என்றால் எந்த வரியில் உடைந்தது என்று எழுதியிருக்கலாம். திருத்தியிருப்பேன்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. உன் அக்கா இரண்டு நாளாக வாசலுக்கு வரவில்லை.

ஆவுடைநாயகம்

786

புனலூர்
25-1-1960

அண்ணாச்சிக்கு,

மூன்று வாரமாகக் கொல்லத்தில் இருந்துவிட்டு இன்று மாலைதான் வந்தேன். உங்கள் இரண்டு கடிதமும் சேர்ந்து மேஜையில் இருந்தன. வீட்டில் ரஹ்மத் உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு போட மறுத்துவிட்டாள். முதலில் பதில் எழுது, பிறகு தின்னு என்கிறாள்.

முத்திரை அடிப்பது வெட்டுவதற்கு மட்டும் இல்லை. இது என் சொந்த முத்திரை, கூட்டுக் கம்பெனி முத்திரை அல்ல. இந்த முத்திரை பதிந்த கட்டை என் கையெழுத்துள்ள சீட்டு இல்லாமல் புளியறைச் செக்போஸ்ட்டைத் தாண்டாது. இந்தப் பக்கத்து அறுப்பு மில் எதுவும் அதைத் தொடாது. திருட்டு மரம் என்று நேரே என்னிடம்தான் சொல்லி அனுப்புவார்கள்.

நடந்தது இதுதான். கூட்டாளி எனக்குத் தெரியாமல் ஓரத்து மரங்களுக்கு வேறொருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். தை பிறந்ததும் ஆள் அனுப்புவதாக ஏற்பாடு. கொல்லத்தில் எனக்குத் தெரியவந்த அன்றே டெப்போவுக்குச் சொல்லிச் சுத்தியலோடு ஆட்களை அனுப்பிவிட்டுக் கூட்டாளியோடு கணக்குப் பேச உட்கார்ந்தேன். அந்த முத்திரை மரத்துக்கு நான் போட்ட பூட்டு. உங்களுக்கு ஒரு வரி தந்தி அடித்திருக்கவேண்டும். அவசரத்தில் விட்டுப்போயிற்று. அக்கா வாசலுக்கு வராத இரண்டு நாளும் என் கணக்கில்தான் சேரும்.

கொல்லத்தில் கூட்டு வியாபாரத்தைப் பிரித்துவிட்டோம். ஆரியங்காவு கூப்பு முழுவதும் அவருக்கு. மந்திச்சோலை எனக்கு. வியாபாரத்தில் பாதி போய்விட்டது என்று ரஹ்மத்திடம் சொன்னேன். "பாதி வயித்துக்குத் தின்னா ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர்தான சொன்னாரு" என்கிறாள். அந்தப் பாதிக்கும் இன்னும் இலை போடவில்லை.

மூன்றாம் நகலை இப்போதுதான் படித்தேன். நின்றுகொண்டு படித்தேன், உட்கார்ந்து படித்தேன். ஒரு பங்கு வாங்கலாம் என்றால் பங்கு இல்லை. காரியதரிசியைப் பிடிக்கலாம் என்றால் ஏதாவது ஒரு சொக்கம்மாள் கோர்ட்டுக்குப் போய்விடுவாள். விழுந்ததை வாங்கலாம் என்றால் விழுந்தது விற்பனைக்கு இல்லை. சங்கத்தைக் கலைக்கலாம் என்றால் கலைப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் குறுக்கே நிற்கிறார். என்னால் உடைக்கமுடியவில்லை அண்ணாச்சி.

ஒரே ஒரு வரி சேர்க்கவேண்டும்: எழுதிக்கொடுக்கிற நானோ என் வாரிசுகளோ எந்தக் காலத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் இதைத் திருப்பிக் கேட்கமுடியாது. என் பிள்ளைகளும் மர வியாபாரிகள்தான். அவர்களுக்கு என் மூளை இருந்தால் ஆபத்து.

அடுத்த திங்கட்கிழமை ரயிலில் தென்காசிக்கு வருகிறேன். வக்கீலை முத்திரைத்தாள் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை மடிக்கவேண்டாம், அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.

மீரான்

சிவமயம்

மேலப்புதூர்
14-8-1960

அன்புள்ள தம்பி மீரானுக்கு,

நலம். வீடு வீடாகச் சேர்த்த பணம் உன் கைக்கு வந்து, பத்திரம் பதிவாகி, ஒரு சாரலும் பார்த்தாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள் வாத்தியார்கள் எல்லாம் கால் நீட்டி உட்கார்ந்திருப்போமே, இந்த மாதங்கள் முழுக்க எனக்கு அப்படித்தான் இருக்கிறது. சாப்பிட்டதும் தூக்கம் வருகிறது.

போன வாரம் சங்கத்துக்கு முதல் பரீட்சை வந்தது. ஆடிக் காற்றில் ஓடைக்கரை வெண்தேக்கு மரம் சாய்ந்தது. வேரோடு வந்துவிட்டது. உன் ஆளை விட்டுப் பட்டையைப் பார்க்கச் சொல்லவேண்டாம். நாங்களே கொடியை விலக்கிப் பார்த்துவிட்டோம். உண்மையாகவே தானாக விழுந்ததுதான். சேதி எப்படியோ போய், புளியறையிலிருந்து ஒரு வியாபாரி லாரியோடு வந்து நின்றார். சோலை வாசலில் முறைக்கு நின்றவன் பலவேசம்.

"வெல பேசணும். யாருகிட்ட பேச?"

"எல்லார்கிட்டயும்."

"எல்லாரும்னா?"

"அடுப்பு எரியிற வீடு பூராவும். இப்ப ஆரம்பிச்சா தீவாளிக்குப் பேசி முடிப்பீரு. முடிச்சாலும் விக்க முடியாது. பத்திரம் அப்படி."

"ஊர்ப் பெரியவரு யாராவது?"

"இந்த விஷயத்துல ஊருக்குப் பெரியவரே கெடையாது வேய். லாரியத் திருப்புறதுன்னா அந்தப் பாலத்துப் பக்கம் திருப்பும். இங்கன சேறு."

அவர் போன பிறகு பலவேசம் என்னிடம் வந்து நடந்ததை இரண்டு தடவை சொன்னான். கோயில் வரி பேச்சை அவன் எடுத்து வெகு நாளாகிறது. இந்த மாதக் கமிட்டி பள்ளிவாசல் தெருவில், உன் அக்கா வீட்டில் நடந்தது. அவன்தான் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பாயில் உட்கார்ந்திருந்தான்.

சாய்ந்த மரத்தை நான் இரண்டொரு நாள் விட்டு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். மேல் பக்கம் பாசி பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. அடியில் ஏதோ ஒன்று வளை தோண்டியிருக்கிறது, எது என்று தெரியவில்லை. மரங்கொத்தி ஒன்று தினமும் வந்து தட்டிப் பார்க்கிறது. மரம் நின்றபோது இருந்த நிழல் போய், அந்த இடத்தில் வெயில் விழுகிறது. வெயில் விழுந்த இடத்தில் நாற்றுப் பாவியது மாதிரி என்னென்னவோ முளைத்திருக்கின்றன. இதில் எது பெரிய மரமாகும் என்று பார்க்க நானும் இருக்கமாட்டேன், நீயும் இருக்கமாட்டாய். அதைப் பற்றி எனக்கு வருத்தமே வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஆவணியில் ரஹ்மத்தோடு வருவதாக அக்கா சொன்னாள். வந்ததும் சோலைக்குப் போ. ஏதாவது ஒரு பெரிய மரத்தடியில் நின்று, வெற்றிலை மென்று முடிக்கிற நேரம் வரைக்கும், அதில் எத்தனை கன அடி தேறும் என்று கணக்குப் போடாமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிரு.

அன்புடன்
ஆவுடைநாயகம்